குவாகுவான்கோ எந்த ஊருடையது? ஆப்பிரிக்க-கியூப தாளங்களைப் பாணி பிரித்துக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

கியூபாவின் ரும்பா இசையில் ஒரு வகை குவாகுவான்கோ. அது வாசிக்க வந்துவிட்டது என்று நம்பி முதன்முதலாக ஒரு குழுவோடு உட்கார்ந்தேன். கொங்கா என்ற உயரமான கைப்பறைகள் அதில் பெரியது, நடு, சின்னது என்று மூன்று. எனக்குக் கிடைத்தது நடுக் கொங்கா. புத்தகத்தைப் பார்த்துப் பல மாதம் பழகிய அடி அது. பக்கத்தில் பெரிய கொங்காவில் இருந்தவர் என்னைவிட நன்றாகப் பழகியவர். இரண்டு சுற்று போவதற்குள் எங்கள் இருவருடைய திறந்த அடிகளும் ஒரே இடத்தில் விழுந்து மோதின. அதற்கு அடுத்த இடத்தில் யாருமே இல்லாமல் ஒரு ஓட்டை. கிளாவே, அதாவது இரண்டு மரக்கட்டையால் தட்டும் வழிகாட்டி அடி, தட்டிக்கொண்டிருந்த மூத்தவர் கையை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "நீ வாசிக்கிறது எந்த ஊர் அடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தாளத்துக்குப் பெயர் இருப்பது தெரியும், அதற்கு ஊர் இருப்பது தெரியாது. நான் வாசித்ததும் சரி, அவர் வாசித்ததும் சரி. என்னுடையது ஹவானா, அவருடையது மத்தான்சாஸ். இரண்டு சரிகளைச் சேர்த்ததில்தான் பாட்டு உடைந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வாசிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொங்காவில் திறந்த அடி, மூடிய அடி, ஸ்லாப் மூன்றையும் பிரித்து எழுப்பத் தெரிந்தால் போதும். இரண்டு மரக்கட்டைகள், ஒரு நல்ல ஹெட்போன், கட்டம் போட்ட நோட்டு ஆகியவை வேண்டும். முதல் ஆறு படிகளை நடந்து முடிக்கவே ஆறு மாதமாவது ஆகும்.

முதலில், ஊர்கள்

ஹவானாவுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது மத்தான்சாஸ். 19ஆம் நூற்றாண்டில் அது சர்க்கரைத் துறைமுகம். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள், அவற்றில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். யொருபா, கொங்கோ, தஹோமே, கலபார் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் கபில்தோ எனப்படும் சங்கங்களில் கூடித் தங்கள் பறைகளையும் பாட்டுகளையும் காப்பாற்றினார்கள். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886இல்தான். அதற்கு முன்னும் பின்னும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், சோலார் என்று அழைக்கப்படும் நெருக்கமான முற்றத்து வீடுகளிலும் வளர்ந்ததுதான் ரும்பா. யாம்பூ, குவாகுவான்கோ, கொலம்பியா என்று அதற்கு மூன்று பெரிய கிளைகள். 2016இல் யுனெஸ்கோ ரும்பாவை மனித குலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆரம்பத்தில் கொங்கா கிடையாது. உப்புக் கருவாடு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்தால் பெரிய கஹோன் என்ற பெட்டிப் பறை, மெழுகுவர்த்தி வந்த சின்னப் பெட்டி கீச்சுக் குரலுக்கு. கொங்கா வந்தபோதும் தோலை ஆணியடித்துதான் பொருத்தினார்கள். பறையைக் காய்ச்சுவதுபோல நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள். திருகி முறுக்கும் இரும்பு வளையம் எல்லாம் பின்னால் வந்தது.

எழுதி வைத்த பாடம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஒரு தெருவில் ஒரு குடும்பம் வாசித்ததைப் பார்த்து அடுத்த தலைமுறை வாசித்தது. அதனால் ஊருக்கு ஊர், ஏன், பேட்டைக்குப் பேட்டை அடி மாறியது. இதைக் குறையாகப் பார்க்கிறவர் "அசல் எது?" என்று தேடி நேரத்தை வீணாக்குவார். நான் தேடியிருக்கிறேன். தேடவேண்டியது ஒரு ஊரின் முழுத் தொகுப்பை. ஒரு ஊரில் பெரிய கொங்கா விடும் இடத்தை அதே ஊரின் நடுக் கொங்கா நிரப்பும். வேறு ஊர்க்காரருக்கு அந்த இடம் காலியாக இருப்பதே தெரியாது.

படி 1: கிளாவேயை வாயில் ஏற்றுங்கள்

கட்டையைத் தொடும் முன் வாயால் சொல்ல வேண்டும். நமக்குக் கொன்னக்கோல் இருப்பது பெரிய வசதி. "தகதிமி" நான்கு முறை சொன்னால் 16 அட்சரம், அதுவே ஒரு கிளாவேச் சுற்று. காலால் ஒவ்வொரு "த"வுக்கும் தட்டுங்கள்.

ரும்பா கிளாவே ஐந்து அடி. முதல் தகதிமியில் "த"வும் "மி"யும். இரண்டாவதில் "மி" மட்டும். மூன்றாவதில் "தி". நான்காவதில் "த". எண்ணாகச் சொன்னால் 1, 4, 8, 11, 13.

சோன் என்ற கியூப நடன இசையில் வரும் கிளாவேக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு அடி. மூன்றாம் அடி எட்டில் விழாமல் ஏழில் விழும், அதாவது இரண்டாவது தகதிமியின் "தி"யில். ஒரு அட்சரம்தான் என்று தோன்றும். வாசித்துப் பாருங்கள்: ஏழில் விழும்போது தாளம் உட்கார்ந்து நடக்கும், எட்டில் விழும்போது அடுத்த அடி வருவதற்குள் ஒரு தள்ளாட்டம் இருக்கும். குவாகுவான்கோவுக்கு அந்தத் தள்ளாட்டம் வேண்டும். மெதுவாகப் போகும் யாம்பூவைச் சோன் கிளாவேயில் வாசிக்கிறவர்களும் உண்டு. ஆகவே யாம்பூ பதிவைக் கேட்கும்போது மூன்றாம் அடி எங்கே என்று முதலில் பாருங்கள்.

நியூயார்க்கில் சல்சா படித்தவர்கள் "இது மூணு-ரெண்டா, ரெண்டு-மூணா?" என்று கேட்பார்கள். சுற்றை எந்தப் பாதியிலிருந்து எண்ணுவது என்ற கணக்கு அது. பாட்டை எழுதி வைத்து வாசிக்கும் நடனக் குழுக்களுக்கு அது உதவும். ரும்பா முற்றத்தில் இந்தப் பேச்சு அநேகமாக இல்லை. அங்கே கிளாவே என்பது ஒரே முழுச் சுற்று, பாடகர் எங்கே நுழைகிறார் என்பதுதான் பேச்சு. இந்தக் கேள்வியோடு ரும்பாவுக்குள் வராதீர்கள். காது அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். நடக்கும்போது, பஸ்ஸில், பாத்திரம் கழுவும்போது.

படி 2: குவாகுவாவுக்குள் கிளாவேயைத் தேடுங்கள்

குவாகுவா என்பது ஸ்டாண்டில் படுத்திருக்கும் மூங்கில் அல்லது மரக்குழாய். கதா என்றும் சொல்வார்கள். இரண்டு குச்சியால் அடிப்பது. பரவலாகப் பழகும் அடி இப்படி:

தகதிமி ஒன்று: த, தி, மி.
தகதிமி இரண்டு: க, மி.
தகதிமி மூன்று: த, தி.
தகதிமி நான்கு: த, க, மி.

மொத்தம் பத்து அடி. மேலே சொன்ன ரும்பா கிளாவேயின் ஐந்து அடிகளும் இந்தப் பத்துக்குள் அப்படியே இருக்கின்றன. கிளாவேயை வாயால் சொல்லிக்கொண்டே இதைக் கையால் அடித்தால் ஐந்து இடத்தில் வாயும் கையும் சேரும், ஐந்து இடத்தில் கை மட்டும் போகும். சேராத ஐந்தும் எங்கே என்று தெரிந்த பிறகு குவாகுவா கைவிட்டுப் போகாது.

இதிலும் ஊர் வேறுபாடு உண்டு. சிலர் சில அடிகளை விடுவார்கள், சிலர் ஓர் அடியை அழுத்துவார்கள். இப்போதைக்கு மேலே உள்ளதை வைத்துக்கொண்டு, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊரின் பதிவைக் கேட்ட பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.

படி 3: நான்குக்கும் மூன்றுக்கும் நடுவில்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். பாணிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, எந்த நோட்டிலும் எழுத வராத பகுதியும் இதுதான்.

"தகதிமி"யை விட்டுவிட்டு அதே காலத் தட்டுக்கு "தகிட" நான்கு முறை சொல்லுங்கள். இப்போது 12 அட்சரம். கிளாவேயை இதற்குள் போடுவோம்: முதல் தகிடவில் "த", "ட". இரண்டாவதில் "ட". மூன்றாவதில் "கி". நான்காவதில் "த". ஆறெட்டு நடையில் ரும்பா கிளாவே இதுதான், கொலம்பியாவின் அடித்தளமும் இதுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் அடி இரண்டிலும் சுற்றின் தொடக்கம். ஐந்தாம் அடி இரண்டிலும் நான்காம் தட்டின் மேலேயே விழுகிறது, முக்கால் சுற்றில். இந்த இரண்டும் அசையவில்லை. நடுவில் உள்ள மூன்று அடிகள் மட்டும் தகிடவில் சற்று முன்னால் வந்துவிடுகின்றன. ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் மூன்றாம் அடிகள் சுமார் 0.04 விநாடி முன்னால், நான்காம் அடி சுமார் 0.08 விநாடி முன்னால்.

பழைய ரும்பாக்காரர்கள் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் எங்கோ அடியை வைப்பார்கள். முழுத் தகதிமியும் இல்லை, முழுத் தகிடவும் இல்லை. மத்தான்சாஸ் பதிவுகளில் இது நன்றாகக் கேட்கும். அங்கே நான்காகப் போகிற பாட்டுக்குள் மூன்றின் ஊஞ்சல் இருந்துகொண்டே இருக்கும். ஹவானாவின் வேகமான குவாகுவான்கோ பல சமயம் நான்கின் பக்கம் நெருங்கி நிற்கும்.

பயிற்சி: காலில் தட்டு மாறாமல், கிளாவேயைத் தகதிமியில் பத்துச் சுற்று, தகிடவில் பத்துச் சுற்று. அப்புறம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். நடுவில் எங்கோ ஓரிடத்தில், எண்ண முடியாத ஆனால் ஆடத் தோன்றுகிற ஒரு கிளாவே வரும். வந்ததும் நிறுத்தாமல் அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள். மெட்ரோனோம் இதற்கு உதவாது. ஒரு மத்தான்சாஸ் பதிவைப் போட்டு அதன் கிளாவேயோடு தட்டிப் பார்ப்பதுதான் வழி.

படி 4: ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றே ஒன்று. ஆறு மாதத்துக்கு அந்த ஊர்தான்.

மத்தான்சாஸ் என்றால் கேட்கவேண்டிய முதல் குழு லோஸ் முன்யேகித்தோஸ் தே மத்தான்சாஸ். 1952இல் குவாகுவான்கோ மத்தான்செரோ என்ற பெயரில் தொடங்கினார்கள். பத்திரிகைச் சித்திரக்கதை பாத்திரங்களைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டு ஊரெல்லாம் பரவ, அந்தப் பாட்டின் பெயரே குழுவுக்கு ஒட்டிக்கொண்டது. தலைமுறை மாறியும் இன்னும் வாசிக்கிறார்கள். அதே ஊரில் 1957இல் தொடங்கிய அஃப்ரோகூபா தே மத்தான்சாஸ் இன்னொன்று. ரும்பாவோடு அராரா, இயேசா போன்ற அந்த ஊரின் ஆப்பிரிக்கச் சடங்கு மரபுகளையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஹவானா என்றால் துறைமுகத் தொழிலாளர்களிடமிருந்து வளர்ந்த யொருபா அந்தாபோ, சகோதரர்களான லோஸ் பாப்பினெஸ், கிளாவே இ குவாகுவான்கோ ஆகிய குழுக்கள். 1962இல் தொடங்கிய தேசிய நாட்டார் கலைக் குழுவும் ஹவானாவில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் அதிகம் கற்றுக்கொள்வது ஹவானாவில் என்பதால், புத்தகங்களில் "குவாகுவான்கோ" என்று மட்டும் போட்டிருக்கும் அடி பெரும்பாலும் ஹவானா வகையாகவே இருக்கும். நான் படித்த புத்தகமும் அப்படித்தான். ஊரின் பெயரை அதில் எங்கும் போடவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் அபிப்பிராயம், மத்தான்சாஸிலிருந்து தொடங்குங்கள். வேகம் குறைவு, இடைவெளி அதிகம், மூன்று பறைகளும் தனித்தனியாகக் காதில் விழும். ஆனால் உங்கள் ஊரில் கிடைக்கும் ஆசிரியர் ஹவானா மரபில் கற்றவர் என்றால் ஹவானாவே சரி. ஆசிரியர் பக்கத்தில் இருப்பது பதிவு கையில் இருப்பதைவிடப் பெரிது.

படி 5: 16 கட்டத் தாள்

முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தேர்ந்தெடுத்த குழுவின் ஒரு குவாகுவான்கோ பதிவை எடுங்கள். ஒரு தாளில் 16 கட்டம் உள்ள வரிசைகள் ஐந்து போடுங்கள்: கிளாவே, குவாகுவா, பெரிய கொங்கா, நடுக் கொங்கா, கின்டோ. கின்டோ என்பது மேலே பேசுகிற சின்னக் கொங்கா, அந்த வரிசை இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும்.

பெயர்களில் குழம்பவேண்டாம். பெரியதைச் சலிதோர் என்பார்கள், தும்பா என்பார்கள். நடுவில் உள்ளது செகுந்தோ, த்ரெஸ் தோஸ், த்ரெஸ் கோல்பெஸ் என்று ஆளுக்கு ஆள் மாறும். இப்படி மாறும் பெயரும் பாணியைக் காட்டிக்கொடுக்கும், ஆகவே உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள்.

கிளாவேயை முதலில் குறியுங்கள். அது தெளிவாகக் கேட்கும். அப்புறம் பெரிய கொங்காவின் திறந்த அடி, அதாவது கணீரென்று நீண்டு ஒலிப்பது மட்டும். விரல்நுனியாலும் உள்ளங்கை அடிப்பகுதியாலும் போடும் மெல்லிய நிரப்பு அடிகள் வேண்டாம். எந்தக் கட்டத்தில் விழுகிறது? கிளாவேயின் எந்த அடிக்கு முன், எதற்குப் பின்? குறித்துவிட்டு நடுக் கொங்காவின் திறந்த அடிகளுக்குப் போங்கள். அவை கிளாவேயின் மூன்று அடி உள்ள பாதியில் விழுகின்றனவா, இரண்டு அடி உள்ள பாதியிலா?

இப்போது பெரியதும் நடுவும் சேர்ந்து ஒரு மெட்டு பாடுவது தாளிலேயே தெரியும். "தூம்... பாம் பாம்" என்று வாயால் பாட முடிகிற மெட்டு. குவாகுவான்கோவின் முகம் அதுதான். தெரிந்தவர்கள் இரண்டு சுற்று கேட்டதும் ஊர் சொல்வது இந்த மெட்டை வைத்துத்தான்.

ஒரே பாட்டின் மூன்று இடங்களில் இதைச் செய்யுங்கள்: தொடக்கத்தில், கதை சொல்லும் பகுதியில், கோரஸ் வந்த பின். மத்தான்சாஸ் பதிவுகளில் கீழே உள்ள இரண்டு பறைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். ஒன்று அடியை மாற்ற, மற்றது பதில் சொல்லும். அதனால் உங்கள் மூன்று வரிசைகளும் ஒரே மாதிரி வராது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அழிக்காதீர்கள். மாறியதைத் தனி வரிசையில் எழுதுங்கள். ஹவானாவின் பல குழுக்களில் கீழ்ப் பறைகள் இன்னும் உறுதியாக ஒரே இடத்தில் நிற்க, மேலே கின்டோ நிறையப் பேசும்.

நான் முதல் தாளை முடிக்கப் பதினொரு நாள் ஆனது. மூன்று நிமிடப் பாட்டு. இரண்டாவது தாள் ஒரே மாலையில் முடிந்தது.

படி 6: பெரியதிலிருந்து சின்னதுக்கு

வாசிக்கும் வரிசை: கிளாவே, குவாகுவா, சலிதோர், நடுக் கொங்கா, கடைசியில் கின்டோ. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரமாவது கொடுங்கள். ஒன்றை வாசிக்கும்போது இன்னொன்றை வாயால் பாட முடிந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். சலிதோரைக் கையால் அடித்து நடுக் கொங்காவை வாயால் பாடுவது கஷ்டம். அதைத் தாண்டியவருக்குக் குழுவில் இடம் உறுதி.

எல்லோருக்கும் கின்டோ மேல்தான் ஆசை. ஆனால் கின்டோ தனியாக ஓடும் வாத்தியம் கிடையாது. பாடகர் வாயை மூடும் இடத்தில் அது பேசும். ஆட்டக்காரரின் காலைப் பார்த்துப் பதில் சொல்லும். குவாகுவான்கோவில் ஆணும் பெண்ணும் ஆடுகிறார்கள். ஆண் சட்டென்று இடுப்பாலோ கையாலோ காலாலோ ஒரு வீச்சு காட்டுவார், பெண் பாவாடை நுனியால் மறைத்து விலகுவார். அந்த வீச்சுக்கு வகுனாவோ என்று பெயர். அது வரும் நொடியில் கின்டோவின் அடி விழ வேண்டும். ஆகவே கின்டோ கற்பதற்கு முன் ஆட்டத்தின் வீடியோக்களைப் பாருங்கள், முடிந்தால் கொஞ்சம் ஆடவும் கற்றுக்கொள்ளுங்கள்.

பாட்டின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வார்த்தை இல்லாமல் "லா லா" என்று இழுக்கும் தியானா, அதில் பாடகர் சுருதியைக் காட்டுவார். அப்புறம் கதை. அதன்பின் முன்பாட்டும் பின்பாட்டுமாகப் போகும் பகுதி. ஆட்டக்காரர்கள் இறங்குவது அங்கேதான், கின்டோ சூடேறுவதும் அங்கேதான். தியானாவில் கின்டோ கொட்டித் தீர்ப்பவரைப் பார்த்தால் அவர் பாட்டைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

படி 7: குவாராபச்சாங்கேயோ

ஹவானா என்பதும் ஒரே பாணி கிடையாது. 1970களில் ஹவானாவின் சான் மிகேல் தெல் பத்ரோன் பகுதியில் லோஸ் சினித்தோஸ் என்று அறியப்படும் லோபெஸ் சகோதரர்கள் கீழ்ப் பறைகளின் வேலையையே புரட்டிப் போட்டார்கள். அப்படிப் பிறந்த பாணிதான் குவாராபச்சாங்கேயோ. கஹோனையும் கொங்காவையும் சேர்த்து, இரண்டு பேர் செய்த வேலையை ஒருவரே செய்யும்படி அமைத்தார்கள். நிலையான மெட்டுக்குப் பதில் நிறைய மௌனம், எதிர்பாராத இடத்தில் கனமான ஓர் அடி, மறுபடி மௌனம். யொருபா அந்தாபோவின் பறைக்காரர் பான்ச்சோ கின்டோ இதைத் தன் வழியில் எடுத்துப்போய், கஹோன் மேல் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் பாதா என்ற வழிபாட்டுப் பறைகளையும் வைத்து வாசித்தார்.

கேட்கும்போது சுதந்திரமாக இருக்கும். ஆனால் பழைய மெட்டு காதுக்குள் ஓடிக்கொண்டிருப்பவரால்தான் அதை விட்டு வாசிக்க முடியும். ஐந்தாம் படியைத் தாண்டாமல் இதற்கு வந்தால் வெறும் சிதறல்தான் மிஞ்சும். இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கொலம்பியா

மத்தான்சாஸ் மாகாணத்தின் கிராமப்புறக் கரும்புப் பகுதிகளோடு சேர்த்துப் பேசப்படுவது. மரபாக ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தனியாக ஆடுவது, கின்டோவோடு நேருக்கு நேர் போட்டி. இங்கே மணி அடிதான் தலைமை. மண்வெட்டித் தகட்டையே மணியாக அடித்த காலம் உண்டு.

தகிடவில்: முதலில் "த", "ட". இரண்டாவதில் "கி", "ட". மூன்றாவதில் "கி". நான்காவதில் "த", "ட". ஏழு அடி. மூன்றாம் படியில் பழகிய கிளாவே ஐந்தும் இதற்குள் இருக்கிறது, கூடுதலாக இரண்டே அடி. அந்தப் பயிற்சியைச் செய்தவருக்குக் கொலம்பியாவின் மணி ஒரு மணி நேரத்தில் வரும். பறைகள் வர மாதங்கள் ஆகும்.

படி 9: பாதா, தனிக் கதவு

ரும்பா ஊர்க் கொண்டாட்டம். பாதா வழிபாடு. யொருபா வழி வந்த, ஒரிஷா எனப்படும் தெய்வங்களை வணங்கும் சமயத்தில் வாசிக்கும் மூன்று பறைகள்: தாய்ப்பறை இயா, நடுவில் இதோதெலே, சிறியது ஒகோன்கொலோ. மடியில் கிடத்தி இரண்டு பக்கமும் அடிப்பது, ஆக மொத்தம் ஆறு முகம். இயாவின் முகங்களைச் சுற்றி மணிகள் கட்டியிருக்கும். பெரிய முகத்தில் மெழுகு போன்ற பசையை அப்பி ஒலியைத் தாழ்த்துவார்கள்.

இங்கும் ஹவானா ஒரு மரபு, மத்தான்சாஸ் இன்னொன்று. ஒரே தெய்வத்துக்குரிய தாளத்தை இரண்டு ஊரிலும் கேட்டால் உறவு தெரியும், ஆனால் ஒகோன்கொலோவின் அடியும் இயா அழைக்கும் விதமும் வேறாக இருக்கும். தெய்வங்களுக்கு வரிசையாக வாசிக்கும் ஓருவின் ஒழுங்கும் ஊருக்கும் வீட்டுக்கும் மாறும். மத்தான்சாஸில் சின்ன முகத்தைத் தோல் துண்டால் அடிக்கிறவர்களும் உண்டு. நைஜீரியாவில் யொருபா பாதாக்காரர்கள் இன்றும் சின்ன முகத்தைத் தோல் வாரால்தான் அடிக்கிறார்கள்.

கற்கும்போது ஒரு கட்டுப்பாட்டை மதிக்க வேண்டும். சடங்கு செய்து அன்யா என்ற தெய்வத்தை உள்ளே இருத்திய பறைகளை, அதற்கென்று தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே தொடுவது மரபு. மற்ற எல்லோரும் பழகுவது அபெரிகுலா எனப்படும் சடங்கு செய்யாத பறைகளில். கேட்காமல் கை வைக்காதீர்கள். எந்தப் பறை எது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இரு ஊர் மரபும் கியூபாவுக்கு வெளியே போனது சில தனிமனிதர்களின் கையால்தான். 1950களில் அமெரிக்க நடனக் கலைஞர் காதரின் டன்ஹாமின் குழுவோடு அமெரிக்கா போன இருவரில் ஃபிரான்சிஸ்கோ அகுவாபெய்யா மத்தான்சாஸ்காரர், ஹூலிதோ கொய்யாசோ ஹவானாக்காரர். 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து படகுகளில் அமெரிக்கா போனவர்களில் ஹவானாவின் ஒர்லாந்தோ "புந்தீய்யா" ரியோஸும் மத்தான்சாஸின் ஃபெலிபெ கார்சியா வில்யமிலும் இருந்தார்கள். அமெரிக்காவில் கற்ற ஒருவரிடம் நீங்கள் பாடம் கேட்டால், அவருடைய ஆசிரியர் யார், அவருக்கு ஆசிரியர் யார் என்று கேட்டுப் போனால் இரண்டு மூன்று பெயருக்குள் ஒரு கியூபத் தெருவை எட்டிவிடலாம். அந்தப் பெயர்களை உங்கள் 16 கட்டத் தாளின் மேலே எழுதி வையுங்கள்.

நடனக் குழுவின் கொங்கா பற்றி ஒரு குறிப்பு

இணையத்தில் "கொங்கா அடிப்படை" என்று தேடினால் முதலில் வருவது தும்பாவோ: எட்டு அட்சரத்தில் முதல் தகதிமியின் "தி"யில் ஸ்லாப், இரண்டாவதன் "தி", "மி" இரண்டிலும் திறந்த அடி. மத்தான்சாஸ் மாகாணத்தில் பிறந்த அர்செனியோ ரோத்ரிகெஸ் 1940 வாக்கில் சோன் குழுவுக்குள் கொங்காவைக் கொண்டுவந்த வழியில் வளர்ந்த அடி இது. நல்ல அடி, கட்டாயம் கற்க வேண்டியது. ஆனால் மூன்று பேர் வாசிக்கும் ரும்பாவுக்கும் ஒருவர் வாசிக்கும் இதற்கும் வேலை வேறு. ரும்பா வட்டத்தில் யாராவது இதை எடுத்தால் கிளாவேக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

படி 10: வட்டத்தில் உட்காரும்போது

முதல் அடிக்கு முன்னால் கேளுங்கள்: "எந்த ஊர் வாசிக்கிறோம்?" அனுபவம் உள்ளவர்கள் இந்தக் கேள்வியை மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் கலந்திருந்தால், சலிதோரில் இருப்பவர் எந்த ஊரோ அந்த ஊர் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். நடுக் கொங்காவில் இருப்பவர் அவரைக் கேட்டுப் பொருந்தட்டும். ஒரே பாட்டுக்கு நடுவில் ஊர் மாற்றவேண்டாம். பாட்டு முடிந்து இடம் மாறி உட்கார்ந்த பிறகு மாற்றலாம்.

அவர்கள் வாசிக்கும் ஊர் உங்களுக்கு வராது என்றால் கொங்காவைக் கேட்காதீர்கள், கிளாவேயைக் கேட்டு வாங்குங்கள். ஐந்தே அடி. பாடகர் இழுப்பார், கின்டோ தள்ளும், ஆட்டக்காரர் சத்தம் போடுவார், இருபது நிமிடம் போகும். அந்த ஐந்து அடியை அசைக்காமல் வைத்திருங்கள், காதை மட்டும் நடுக் கொங்காவுக்குக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் தாளை எடுத்து, நினைவில் இருக்கும்போதே அந்தத் திறந்த அடிகளைக் குறித்துவிடுங்கள்.